ஜாக்கிக்கு அடியில்

ஹோப்ன் துறைமுகத்தில்
சிங்கி இறால் பிரித்த கையுறையோடே போய்
முன்பணம் கொடுத்தேன்.
பத்தொன்பது வருடத்துப் பழைய நிசான்.
கதவோரம் துரு,
இருக்கையெல்லாம் யாரோ வளர்த்த நாயின் மயிர்.

வியெஸ்வாவ் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.
போலந்துக்காரன், வார்த்தைக்குக் கஞ்சன்.
சக்கர வளைவில் சாக்பீஸ் கோடு கிழித்து
"இதுவரைக்கும் வெட்டணும்" என்றான்.
முப்பத்தெட்டு அங்குல டயர்
சும்மா நுழைந்துவிடுமா?
தகடு அறுபட்ட சத்தத்தில்
பக்கத்துப் பட்டறை வானொலி ஊமையானது.

அக்டோபரில் ஸ்பிரிங்.
நவம்பரில் பல்சக்கரம்,
பெரிய டயருக்குப் பழைய பல் தாங்காதாம்.
டிசம்பரில் பகலே நாலரை மணி நேரம்,
மீதியெல்லாம் டியூப்லைட்.
எஞ்சினின் மூக்கைக் கூரைவரை நீட்டினோம்,
ஆற்றில் இறங்கினாலும் மேலே மூச்சு வாங்கட்டும் என்று.
காற்றடிக்கும் பம்பு, மண்வாரி, இழுவைக் கயிறு,
இரண்டாவது பேட்டரி.
சம்பளம் வந்த தேதியும் போன தேதியும்
ஒரே தேதி.

இன்னும் ரெண்டு அங்குலம் தூக்கினால் என்ன
என்று ஒருநாள் கேட்டேன்.
கந்தல் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"தூக்கலாம், ஸ்டெய்ன்வோர்.
கவிழ்கிற பயமும் ரெண்டு அங்குலம் ஏறும்."
தூக்கவில்லை.

கடைசியாகப் பின்னால் படுக்கப் பலகை.
நாடா பிடித்து என் தோளை அளந்து
அறுபது சென்டிமீட்டர் போதும் என்றான்.
நூற்றிருபது என்றேன்.
என்னைப் பார்க்காமல் நாடாவைப் பார்த்தான்.
அது சர்ரென்று சுருண்டு
கூட்டுக்குள் போய்விட்டது.
நூற்றிருபதுக்கே அறுத்தான்.

மார்ச். வாட்னயோகுல்.
பனிப்பாளத்தின் விளிம்பில் காற்றை இறக்கினோம்,
இருபத்தைந்திலிருந்து நாலுக்கு.
மூன்று பந்தி சாப்பிட்டவர்கள் போல
டயர்கள் தொந்தி சரிய உட்கார்ந்தன.
பிறகு வண்டி பனிமேல் மிதந்தது.
இரண்டு மணி நேரம்
செலவழித்த ஒவ்வொரு காசும் நியாயமாகத் தெரிந்தது.

அப்புறம் இடது முன்சக்கரத்தைக் காணோம்.
இருந்தது, தண்ணீருக்குள்.
மேலே விரற்கடைப் பனி, கீழே வெறும் கூழ்.
மோதிரத்தைத் தொலைத்தவள் போல
வண்டி குனிந்து நின்றது.

நெட்டை ஜாக்கியை நிறுத்திப்
பிடியை அழுத்தினான்.
வண்டி ஏறவில்லை. ஜாக்கி இறங்கியது.
மண்வாரியை அடியில் கொடுத்தோம், அதுவும் போயிற்று.
ரொட்டி அறுக்கும் கட்டை இரண்டாகப் பிளந்தது.
எல்லாம் வாங்கினோமே,
ஜாக்கிக்கு அடியில் வைக்க
ஒரு தட்டு வாங்கவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் பின்கதவைப் பார்த்தோம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பன்னிரண்டு திருகாணி.
அவன் ஆறு, நான் ஆறு.
நாங்கள் படுக்கும் முன்னே
பலகை பனியில் படுத்தது.

பிடி ஒருமுறை கைநழுவி எகிறியது.
தாடையை விட்டுத்
தொப்பியை மட்டும் எடுத்துப் போயிற்று.
அவன்மேல் கத்தினேன்,
அவன் இன்னும் படிக்காத ஐஸ்லாந்து வார்த்தைகளில்.
அவன் போலிஷில் திருப்பிக் கத்தினான்.
பிறகு டக், டக் என்று
ஒவ்வொரு பல்லாக
வண்டி தலை நிமிர்ந்தது.

இருட்டும்போது உலர்ந்த பனிக்கு வந்துவிட்டோம்.
பலகையைத் துடைத்து மறுபடி மாட்டினோம்.
ஒரு பக்கம் ஜாக்கியின் பாதத் தடம்,
சதுரமாக, நகம் புதையும் ஆழத்துக்கு.
"குழி இருக்கிற பக்கம் எனக்கு"
என்றான் வியெஸ்வாவ்.
ஒரு வாக்கியத்தில் அவன்
இத்தனை வார்த்தை சொல்வதே அபூர்வம்.

காலையில் பம்பு வேலை செய்யவில்லை.
தொந்தி டயர்களோடே
தார்ச்சாலை வரை ஊர்ந்து வந்தோம்.